திமிங்கலத்துக்கு எந்த ஊரு?

— மூக்கைப் பொத்திக்கிட்டே பேசுனா எப்படி வெளங்கும்? கையை எடுத்துட்டுச் சொல்லுங்க, நரியேந்தல் தலைவரம்மா.

— எடுத்தா இங்கனயே விழுந்துருவேன். திமிங்கலம் உங்க பூவன்வலசை எல்லையில செத்துக் கெடக்கு. அந்த ஊரு தலைவரு நீங்கதான் பொதைக்கணும்னு சொன்னேன்.

— எங்க எல்லையா? தாயி, தலை எங்கன கெடக்குன்னு பாருங்க. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம், உங்க ஊருல.

— தலையா நாறுது? வயிறுல்ல நாறுது! வயிறு உங்க பக்கம்.

— வனத்துறை ஆளுக அறுத்துப் பாத்துட்டு, எந்த ஊரு எல்லையோ அந்த ஊராட்சி ஜேசிபி வச்சுப் பொதைங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாக. தெருவிளக்குக்கு பல்பு வாங்கவே எங்களுக்கு வக்கில்ல.

— எங்களுக்கு மட்டும் கொட்டிக் கெடக்காக்கும்? கேக்குறேன், இந்த மணலு பூவன்வலசைக்குத்தான் சொந்தம்னு உங்கய்யா கோர்ட்டுப் படி ஏறுனாரா இல்லையா?

— ஏறுனாரு. அவரு வெட்டி வீம்புக்காரரு. உங்கய்யாதான் நியாயஸ்தரு. இந்தக் கல்லைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு, 'வெட்டிப் போட்டாலும் விடமாட்டேன், இது நரியேந்தல் மண்ணு'ன்னு நின்னாரு பாருங்க, அந்த வாக்கை நான் மதிக்கிறேன்.

— அவரு உசுரோட இருக்கையில மதிச்சிருக்கணும். மாசிக்களரிக்குக் குலசாமி கோயில்ல ஒண்ணாப் பொங்கல் வச்ச ரெண்டு ஊரும் இந்தக் கல்லாலதான் தனித்தனியா வைக்குது. எங்கய்யா மண்டையில உங்காளு போட்ட அடி, சாகுற வரைக்கும் மழை பேஞ்சா குத்தும்பாரு.

— எங்க சித்தப்பு பல்லு ரெண்டு இன்னும் இந்த மணலுக்குள்ளதான் கெடக்கு. பழசை விடுங்க. மொத்த மணலையும் எழுதித் தாரேன், திமிங்கலத்தோட எடுத்துக்கங்க.

— நானும் எழுதித் தாரேன், நீங்க எடுத்துக்கங்க! இந்தா, சர்வேயர் பொண்ணு வருது. ஏம்மா உமாமகேஸ்வரி, அளந்துட்டியா? யாரு மண்ணு?

— அளந்துட்டேன், முருகலட்சுமி மேடம். பாண்டித்துரை சார், நீங்களும் கேளுங்க. இந்த இடம் ரெண்டு ஊருலயும் சேராது. ஓடையில இருந்து இங்க வரைக்கும் பூராவும் பக்கத்துப் பேரூராட்சி.

— அடி சக்கை! அப்ப அவங்கதான் பொதைக்கணும்!

— ஆமா சார். போன் பண்ணிட்டேன், வண்டி அனுப்புறாங்க.

— அப்ப இந்த எல்லைக்கல்லு என்னம்மா?

— இது எல்லைக்கல்லே இல்ல மேடம். சர்வேக் கல்லுன்னா குறி வெட்டியிருக்கும். இது யாரோ வள்ளம் கட்டிப் போடுறதுக்கு ஊண்டுனது, கயிறு தேச்ச தடம் பாருங்க. இத்தனை வருசம் கேஸ் நடத்தியிருக்கீங்க, ஒருத்தர்கூட அளக்கச் சொல்லலியா?

— அளந்தா நரியேந்தலுக்குப் போயிருமோன்னு எங்கய்யா சர்வேயரை ஊருக்குள்ளயே விடல.

— எங்கய்யாவும்தான். வந்தவரு சைக்கிள்ல காத்தைப் புடுங்கி விட்டுத் தொரத்துனாரு.

— நல்ல அய்யாக்க! சரி தலைவரம்மா, நமக்குப் பீடை விட்டுச்சு. வாங்க, ரோட்டுக்குப் போயி டீ குடிப்போம். அட, என்ன உக்காந்துட்டீங்க? நாத்தம் தலைக்கேறிருச்சா?

— ஏன் மச்சான், பரிசம் போட்ட பெறகு என்னைய உங்களுக்குக் குடுக்கமாட்டேன்னு எங்கய்யா மறிச்சது இந்தக் கல்லுக்காகவா?