கோடு நேராகத்தான் இருந்தது

கோயில் வாசலில் உள்ள மூன்று படிகளில் நடுப்படி ஆடுகிறது, சாமி. கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு கை சிமெண்டு பூசச் சொல்லுங்கள். வயசானவர்கள் ஏறி இறங்குகிற இடம். நானே பிரின்சியைக் கையைப் பிடித்துத்தான் ஏற்றிக் கூட்டி வந்தேன். கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறேன்.

என் பெயர் தொம்மை. பிரின்சி என் மனைவி. ராணுவத்தில் இருபத்தோரு வருஷம் துப்பாக்கி பழுதுபார்க்கும் வேலை பார்த்தேன். இப்போது கூட்டேரிப்பட்டுக்கு மேற்கே, பழைய கல்குவாரியில் நடக்கிற ரைபிள் கிளப்பில் அதே வேலை. பாவசங்கீர்த்தனம் செய்து மூன்று வருஷம் ஆகிறது. பெரிய பாவம் ஒன்றும் இல்லை. ஒரு டாக்டர் சொன்னதை மாற்றிச் சொன்னேன். அந்தப் பொய்தான் உறுத்துகிறது. ஆனால் அதைச் சொல்ல, முன்கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் கிளப்பில் ஒரு த்ரீ நாட் த்ரீ இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் செய்தது, பட்டாளத்து ரைபிள். அதில் லென்ஸ் கிடையாது. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வளையம், குழலின் முனையில் அரிசிமணி போல நிற்கும் ஓர் இரும்புத் துண்டு. அந்தத் துண்டுக்கு ஃபோர்சைட் என்று பெயர். வளையத்துக்கு நடுவில் அதை நிறுத்தி, அதன் தலையில் குறியை உட்கார வைத்துச் சுட வேண்டும். குண்டு வலப்பக்கம் போனால் ஃபோர்சைட்டையும் வலப்பக்கமே நகர்த்த வேண்டும். தப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். புதிதாக வருகிறவர்கள் எதிர்ப்பக்கம் தள்ளி, இருக்கிற தப்பை இரண்டாக்குவார்கள். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

இங்கே ஒரு மயிரிழை நகர்ந்தால் நூறு மீட்டரில் ஒரு விரல்கடை தள்ளிப் போகும். அதனால், சரியாக வந்ததும் ஃபோர்சைட்டுக்கும் அதைத் தாங்கும் கட்டைக்கும் குறுக்கே மெல்லியதாக ஒரு கோடு கீறி வைப்போம். இரண்டு பாதியும் சேர்ந்து ஒரே கோடாகத் தெரிந்தால் ரைபிள் சுத்தம். அதற்குப் பிறகு குண்டு தவறினால் தப்பு சுடுகிறவர் மேல்தான். உலகத்தில் எந்தத் துப்பாக்கிக்காரனும் அந்தக் கோட்டைச் சந்தேகப்படமாட்டான்.

நான் சர்வீஸில் இருந்த காலத்தில் பிரின்சி திண்டிவனத்தில் தனியாக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். குழந்தை இல்லை. நான் வந்துசேர்ந்தபோது வீட்டில் எனக்கென்று ஒரு வேலையும் மிச்சமில்லை. சிலிண்டர் மாட்டுவது, மோட்டார் ரிப்பேர், பேங்க், எல்லாம் அவளே. ஒரு பூட்டு திறக்கவில்லை என்று நான் எழுந்திருப்பதற்குள் எண்ணெய் விட்டுத் திறந்திருப்பாள். ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடமும் போய் வந்தாள். படுத்தபடி அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். எனக்குப் பயமாக இருந்தது, சாமி. எல்லையில் இருந்தபோதுகூட அப்படிப் பயந்ததில்லை.

பொழுதுபோகட்டும் என்று நான்தான் அவளைக் கிளப்புக்குக் கூட்டிப் போனேன். அவள் குப்புறப் படுத்து அந்த ரைபிளைக் கன்னத்தில் வைத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த ரைபிளை அவளைத் தவிர யாரும் எடுப்பதில்லை. ஆறு மாசத்தில் அவளுடைய ஐந்து குண்டும் ஒரு எவர்சில்வர் டம்ளர் வாய்க்குள் அடங்கின. செக்ரட்டரி சீனுவாசன் சார் என்னிடம் வந்து சிரித்தார்.

"இன்னாய்யா தொம்மை, உன் ஊட்டுக்காரம்மா உன்னையே தூக்கி சாப்பிட்டுடும்போல இருக்குதே."

நானும் சிரித்தேன்.

போன வருஷம் ஜூன் மாசம் கோயம்புத்தூரில் ஒரு பயிற்சிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. டிசம்பரில் நடக்கிற தேர்வில் நன்றாகச் சுட்டால் அவளுக்கு அங்கேயே கோச் வேலை, தங்க வீடு. "நீங்களும் வாங்க, அங்க வேற வேலையா கெடைக்காது?" என்று கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். ஆனால் கடிதத்தைப் படித்த பிறகு, என்னைக் கேட்பதற்கு முன்னால், அவள் பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் காயவைத்திருந்தாள். அதை நான் பார்த்தேன்.

அன்றைக்கு மதியமே ஃபோர்சைட்டை ஒரு மயிரிழை இடப்பக்கம் நகர்த்தினேன். பழைய கோட்டை உப்புத்தாளால் தேய்த்து, மருந்து போட்டுக் கறுப்பாக்கி, புதிதாக ஒரு கோடு கீறினேன். சுத்தமான வேலை. அடுத்த வாரம் இன்னொரு மயிரிழை. இன்னொரு கோடு.

"இன்னாங்க இது, எல்லாம் வலப்பக்கமே போவுது?" என்றாள். ஃபோர்சைட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "கோடு நேராத்தான் இருக்குது. அப்ப நாந்தான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது பொய்யாகாது என்று நினைக்கிறேன்.

செப்டம்பரில் அவள் ரைபிளை என்னிடம் நீட்டினாள். "நீங்க ஒரு தபா சுட்டுப் பாருங்க." எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று எனக்குத்தானே தெரியும். நான்கு விரல்கடை இடப்பக்கம் குறிவைத்து ஐந்து குண்டு சுட்டேன். ஐந்தும் கறுப்பு வட்டத்துக்குள். அவள் கை தட்டினாள். பிறகு அட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கு இன்னாமோ ஆயிடுச்சிங்க," என்றாள்.

புதுச்சேரியில் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சாய்ந்ததில்லை. ரிப்போர்ட் வாங்க நான் மட்டும் உள்ளே போனேன். டாக்டரம்மா, "கண்ணு ரெண்டும் கண்ணாடி மாதிரி இருக்குதுங்க, எந்தக் குறையும் இல்ல," என்றார். வெளியே வந்து, நரம்புக் கோளாறு, மெல்ல மெல்லக் கூடுமாம் என்று அவளிடம் சொன்னேன். நான் சொல்ல வந்த பொய் இதுதான், சாமி.

வரவில்லை என்று கோயம்புத்தூருக்கு அவளே எழுதிப் போட்டுவிட்டாள். ரைபிளை அதற்குப் பிறகு தொடவில்லை. விஷயம் அத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஜனவரியில் ஒருநாள் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே முயற்சியில் ஊசியில் நூல் கோத்துவிட்டாள். கோத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நல்லாத்தாங்க தெரியுது," என்றாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. மறுபடியும் எனக்கு அந்தப் பயம் வந்தது.

ஆகவே வீட்டில் தொடங்கினேன். தண்ணீர்ச் சொம்பை வைத்த இடத்திலிருந்து நாலு விரல் தள்ளி வைப்பேன். அவள் மல்லாட்டைக் கடலை வறுக்கும்போது அந்தப் பக்கம் திரும்பினால் உப்பு டப்பாவை அடுத்த வரிசைக்கு மாற்றுவேன். ஸ்டூலை ஒரு சாண் முன்னால் இழுத்து வைப்பேன். அவள் இடித்துக்கொள்வாள். "அது எப்பவும் அங்கதானே இருக்குது, பிரின்சி," என்பேன். ஈஸ்டருக்குள் ஸ்கூட்டரை விற்றோம். பள்ளிக்கூட வேலையை விட்டாள். பக்கத்து வீட்டு அம்பிகா தன் கைக்குழந்தையைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளச் சொன்னபோது, "வேணாம்மா, கீழ போட்டுடுவேன்," என்று இரண்டு கையையும் பின்னால் மறைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

நான் குடிப்பதில்லை. ஒருநாளும் அவள்மேல் கை நீட்டியதில்லை. தலை வாரிவிடுகிறேன், பேப்பர் படித்துக் காட்டுகிறேன், மீனில் முள் எடுத்துக் கொடுக்கிறேன். எங்கள் தெருவில் எந்தப் புருஷன் இதைச் செய்கிறான்? அவளும் தினம் ஜெபத்தில் என் பெயரைச் சொல்லி நன்றி சொல்கிறாள். அவள் எந்தப் பக்கம் போனாளோ அந்தப் பக்கமே நானும் நகர்ந்து நின்றேன், அவ்வளவுதான்.

ரைபிளைப் போன மாசமே பழையபடி சரிசெய்துவிட்டேன். இப்போது அது மிகச் சுத்தமாகச் சுடுகிறது. டாக்டரம்மா விஷயத்துக்கு என்ன பரிகாரம் சொன்னாலும் செய்கிறேன். ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை என்றாலும் சரி.

கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது. அவள் காத்திருக்கிறாள். தனியாக இறங்க அவளுக்குப் பயம், என் கை வேண்டும். வரும்போதே அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வாசலில் நாலு படி என்று.