பெஞ்சு மேல் ஏறச் சொன்ன ராஜா

தென்காசியில் குற்றாலம் பஸ் கிளம்பியதும், முன் சீட்டு வாத்தியார் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "நாடகக் கம்பெனி மொதலாளியவே பெஞ்சு மேல ஏறச் சொல்லிட்டேன்வே."

"என்ன சொல்லுதீரு?"

"ராஜா வேசத்துக்கு ஆளு எடுத்தாங்கல்லா. நானும் போயி வசனம் பேசுதேன். அவரு ஆர்மோனியக்காரர்ட்ட குசுகுசுன்னு பேசிக்கிட்டே இருக்காரு. 'எவம்லே அங்கன பேசுதது? ஏறுலே பெஞ்சு மேல'ன்னுட்டேன். பள்ளிக்கூடத்துப் பழக்கம்."

"அய்யய்யோ! அவரு?"

"சடார்னு எந்திரிச்சாரு. நான் மேடைய விட்டு எறங்கி ஓடியாந்துட்டேன்."

"ராஜாவுக்கு அந்த அதட்டல்தானவே வேணும்? சேத்துக்கிடத்தான் எந்திரிச்சாரோ என்னமோ."

வாத்தியார் மடியிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"பின்னாலருந்து 'சார், சார்'னு கூப்புடத்தான் செஞ்சாங்க. நம்ம பள்ளிக்கூடத்துப் பயலுவ பாத்துட்டானுவன்னு நெனச்சு, இன்னும் வெரசா ஓடினேன்வே."