தடைக்காலத்தில் நிறுத்திய மாத்திரை

“வலையே இழுக்கல, அப்புறம் இன்னாத்துக்கு மாத்திரை?”

திருவொற்றியூரிலிருந்து கிளம்பிய பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இருந்த மீனவர் தன் மகளைக் கேட்டார். அவருடைய விரல் மூட்டுகள் எல்லாம் வீங்கியிருந்தன. மகள் மடியில் கல்லூரிப் பையும் ஆஸ்பத்திரிச் சீட்டும் இருந்தன.

“அப்ப மீன்பிடித் தடைக்காலம் ரெண்டு மாசமும் நீ மாத்திரையே போடலியா நைனா?”

“கடலுக்குப் போனாத்தானே கை வலிக்கும்?”

“உனக்கு நோவு வலையால வரல நைனா. ரத்தத்துல காவல் காக்குற செல்லு கீது பாரு, அதுக்குள்ள ஒரு புரதம் கட்டிப்போட்டாப்ல கெடக்கும். கிருமி வந்தா கட்டு அவுந்து, நடுவுல கீற அறைக்குள்ள பூந்து மரபணு மேல குந்திக்கும். ஒடனே அந்த செல்லு சைட்டோகைன்னு ஒண்ணு செஞ்சு வெளிய வுடும். அதாலதான் வீக்கம், வலி எல்லாம்.”

“எனக்கு ஏது கிருமி?”

“அதான் நோவே. கிருமி இல்லாமயே அந்தப் புரதம் உள்ள பூந்துகினு கீது. மாத்திரைதான் அத்த அடக்கி வெச்சிருந்துச்சு.”

அவர் விரல்களை மடக்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் மடங்கவில்லை.

“டாக்டராண்ட தெனம் போடுறேன்னு சொல்லிட்டனே.”

“அத்த நம்பித்தான், மாத்திரை கேக்கலன்னு இன்னிக்கு பெரிய ஊசி போடப் போறாங்க. போனதும் உள்ளத சொல்லிடு.”

பேருந்து ராயபுரத்தை நெருங்கியது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

“சொல்றேன். ரெண்டு மாசம் நான் கரையில குந்திகினு இருந்தேன், இந்த நோவு ஒரு நாள்கூட வுடாம தொழிலுக்குப் போயிருக்குன்னு.”