இரண்டே கால் மணிக் கையெழுத்து

இரவு இரண்டே கால் மணி. குவாரிக்குப் போகும் சாலை. பத்து மணிக்கே லாரிகள் நின்றுவிடும், அதற்கு மேல் அங்கே நாய்கூட எட்டிப் பார்க்காது. சாலை முடிவில் தகரக் கூரை போட்ட ஒரு சோதனைச் சாவடி. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பல்பு...

வேன் கதவைச் சாத்துங்கள், குளிர் வருகிறது. விடியும்வரை நம்மைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு அதிகாரி வீட்டில் குறட்டை விடுகிறார். நமக்காவது ஓவர்டைம் உண்டு. நம் ஸ்டேஷன் ரைட்டருடைய அக்கா வீட்டுக்காரருக்கு அதுவும் இல்லை. இது அவருக்கு நடந்தது. ரைட்டரே என்னிடம் சொன்னார், அதுவும் தெளிவாக இருக்கும்போது.

அவருக்கு மேற்பார்வையாளர் பதவி கொடுத்தார்கள். தோளில் ஒரு பட்டையை ஏற்றிவிட்டு ஓவர்டைமை வெட்டிவிட்டார்கள். மேற்பார்வையாளர் இருபது மணி நேரம் நின்றாலும் அதே சம்பளம்தான். அவருக்குக் கீழே இருந்த காவலர்கள் மாதக் கடைசியில் அவரைவிட அதிகமாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வயிறு எரியாதா? ஒரே வருஷத்தில் நான்கு மேற்பார்வையாளர்கள் வேலையை உதறினார்கள். அந்த நான்கு பேர் வேலையும் இந்த மனுஷன் தலையில் விழுந்தது.

இரவு ரோந்தில் ஒவ்வொரு சாவடிக்கும் நேரில் போய், காவலரைப் பார்த்து, அங்குள்ள புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். குவாரிச் சாவடிதான் கடைசி. "ஓசியில எவன் அந்த நேரத்துல அவ்வளவு தூரம் போவான்?" என்பார். சாயங்காலம் ஏழு மணிக்கே போய், இரவு இரண்டே காலுக்கு வந்ததாகவும் காவலர் நலமாக இருந்ததாகவும் காவலரையே எழுத வைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே கையெழுத்துப் போடக் கை பழகிவிட்டது.

ஒரு நாள் அங்கே நின்ற பெரியவர் செத்துப்போனார். மாற்று ஆள் வராததால் இரண்டாவது ஷிப்டும் அவரே நின்றிருக்கிறார். நெஞ்சுவலி. பதினோரு மணிக்கே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். இரண்டே காலுக்கு நலமாக இருந்தார் என்றது புத்தகம். மேலிடம் புத்தகத்தைத்தான் நம்பியது. செத்த பிறகும் மூன்றே கால் மணி நேரம் ஓவர்டைம் வாங்கிய ஒரே ஆள் அந்தப் பெரியவர்தான். சிரிக்காதீர்கள்... அந்தக் காசை அவர் சம்சாரம் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனார். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அதற்கு மறுநாள் இரவு. இரண்டே கால். ஸ்டேஷன் வயர்லெஸ் கரகரவென்றது. ஒரு இருமல்... பிறகு பெரியவர் குரல்.

"ஐயா... எப்ப வருவீங்க?"

பக்கத்தில் இருந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. தினமும் அதே நேரம், அதே இருமல். இந்த மனுஷன் ஒரு மாதம் தாங்கினார். பிறகு ராஜினாமாவை எழுதிக்கொண்டு போய் அதிகாரி மேசையில் வைத்தார்.

"ஆளே இல்ல. நீயும் கழட்டிக்கிட்டா எப்படிய்யா?"

"முடியலைங்கய்யா. என்னை விட்டுடுங்க."

"சரி. இன்னிக்கு ராத்திரி எல்லாச் சாவடிக்கும் நேர்ல போ. கையெழுத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பு. காலைல ஆறு மணிக்கு ஆர்டர் தர்றேன். ஒண்ணு விட்டுப்போச்சு, நீ எங்கயும் போக முடியாது, பாத்துக்க."

வீட்டுக்குப் போன் செய்தார். "ஒரு ராத்திரிதானே, பல்லைக் கடிச்சிட்டுப் போயிட்டு வந்துடுங்க" என்றார் சம்சாரம்.

போனார். பெரியவர் செத்ததிலிருந்து குவாரிச் சாவடிக்கு ஆளே போடவில்லை. ஆனால் பல்பு எரிந்தது. பைக்கை நிறுத்தினார்... முழங்காலுக்குத் தேய்க்கும் தைல வாசனை. நாற்காலி கிறீச்சென்றது. முதுகைக் காட்டி யாரோ உட்கார்ந்திருந்தார்கள். திரும்பவில்லை. ஒரு கை மட்டும் புத்தகத்தைப் பின்பக்கமாக நீட்டியது. நகமெல்லாம் நீலம்.

"இங்க போடுங்கய்யா."

விரல் காட்டிய இடத்தில் போட்டார். பார்க்கவில்லை... போட்டுவிட்டார்.

நாற்காலி நகர்ந்தது. பெல்ட் பக்கிள் கழன்று மேசையில் டக்கென்று விழுந்தது. "வர்றேன்யா" என்று ஒரு குரல். பிறகு பூட்ஸ் சத்தம். சரக்... சரக்... ஜல்லியில் இறங்கி, ஊர்ப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது. இவர் ஃபோட்டோ எடுத்தார். செல்போனில் பார்த்தபோதுதான், தன் கையெழுத்துக்கு மேலே இருந்த வரியைப் படித்தார். 'இச்சாவடியின் காவல் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.'

ஆறு மணிக்கு அதிகாரி ஃபோட்டோவைச் சரியாகக்கூடப் பார்க்காமல் ஆர்டரைக் கொடுத்தார். யூனிபாரத்தை ஒப்படைத்துவிட்டு மனுஷன் வீட்டுக்கு ஓடினார். சம்சாரம் சந்தோஷத்தில் அழுதுவிட்டார்.

இது நடந்து பதினோரு நாள் ஆகிறது. தினமும் இரவு இரண்டு மணிக்குச் சம்சாரம் விழித்துப் பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லையாம். கதவு உள்ளே பூட்டியபடியே இருக்கும், சாவி தலையணைக்குக் கீழே. தன் கையோடு அவர் கையைக் கட்டிக்கொண்டும் படுத்துப் பார்த்தார். முடிச்சு அவிழவில்லை, ஆளை மட்டும் காணோம். விடிந்தால் பக்கத்திலேயே படுத்துக் கிடப்பார். உள்ளங்கால் கிழிந்திருக்கும், விரலிடுக்கெல்லாம் வெள்ளைக் கல்தூசி. குவாரி அங்கிருந்து பதினேழு கிலோமீட்டர்.

நேற்றுக் காலையில் ரைட்டர் பார்க்கப் போனார். அக்கா வெந்நீர் வைத்து அந்தக் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனுஷன் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு விரலால் போர்வையைத் தட்டிக் காட்டினாராம்.

"மாப்ளே... இங்க ஒரு கையெழுத்து போடேன்."