எந்தத் தலையில இருந்து எறங்குச்சி?

‘அந்தத் தபால்காரர் பொண்டாட்டி வாயத் தொறந்தா, தலையில இருக்கிற பேனு கூட பயந்துபோய் அடுத்த தலைக்கு ஓடிடும்.’

இப்டி சொன்னீங்களா இல்லியா மங்கம்மா? பள்ளிக்கூட கேட்டுல நின்னுகினு, பூங்கோதை டீச்சர்கிட்ட, அத்தினி அம்மாங்களும் கேக்குற மாதிரி? ஒரு வார்த்தை கொறையாம என் காதுக்கு வந்து சேந்துடுச்சி. இந்த மலையில பஸ்ஸு நேரத்துக்கு வராது, செல்லுல டவர் கெடைக்காது, இந்த மாதிரி சேதி மட்டும் இன்னா வேகமா வருது!

சரி, வுடுங்க. நான் சண்டைக்கு வரல. ஆனா ஒண்ண திருத்திக்குங்க. தபால்காரர் இல்ல, போஸ்ட்மாஸ்டர். சைக்கிள்ல வூடு வூடா போறவர் வேற, உள்ள ஒக்காந்து முத்திரை குத்துறவர் வேற. எங்க வூட்டுக்காரர் குத்துறவர்.

இங்க ஒக்காரட்டுமா? நீங்க ஒக்காருன்னு சொல்லல, நானே ஒக்காந்துக்கறேன். ரோட்டுல இருந்து இந்த மேடு ஏறி வர்றதுக்குள்ள எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சி. நீங்க பாட்டுக்கு புளி தட்டுங்க. கைதானே தட்டுது, காது சும்மாதானே இருக்குது... அய்யய்ய, கொட்டை தெறிச்சி என் மேல வுழுது பாருங்க! வேணும்னே தட்டுறீங்களா? சரி சரி, தட்டுங்க. ஒங்க வூடு, ஒங்க புளி.

ஒங்க பொண்ணு நதியா உள்ளதானே இருக்கா? கதவு சந்துல ஒரு கண்ணு தெரிஞ்சிச்சி, நான் பாத்தேன். வர வேணாம், இருக்கட்டும். நான் ஒங்ககிட்டதான் பேச வந்தேன்.

அப்டி இன்னா சொல்லிட்டேன் நான்? போன வியாழக்கெழம பெத்தவங்க கூட்டத்துல எழுந்து நின்னேன். ‘மலைமேல ஆட்டோட ஆடா கெடக்குற புள்ளைங்கள பக்கத்துல ஒக்கார வெச்சா பேனு வராம பூவா வரும்?’னு கேட்டேன். பேர சொன்னேனா? சொல்லல. நதியாவ பாத்தேனா? ...பாத்தேன். பாத்தது நெஜம். அஞ்சாங்கிளாஸ்ல என் பூஜாவும் அவளும் ஒரே பெஞ்சி, ஒரே டப்பாவுல சோறு, ஒரே குடையில போவுதுங்க. பின்ன யார பாக்குறது, செவத்தையா?

அதுக்காக அன்னிக்கு சாய்ந்தரமே புள்ளைக்கு மொட்டை அடிச்சிடுவீங்களா? இடுப்பு வரைக்கும் முடி மங்கம்மா! எங்க ஊரு பக்கம் அந்த முடிக்கு பொண்ணுங்க தவம் கெடக்குதுங்க. ஒரேயடியா வழிச்சி எறிஞ்சிட்டு, ‘பேனும் போச்சி, பேச்சும் போச்சி’ன்னீங்களாமே. அதோட வுட்டீங்களா? இன்னியோட ஆறு நாளா புள்ளைய பள்ளிக்கூடத்துக்கே அனுப்பல. வெள்ளிக்கெழம ஆண்டு விழா. இன்னிக்கி புதன். சாமை அறுப்பு டான்ஸுல முன்னாடி நின்னு ஆடுறவளே நதியாதான். அவ கை தூக்குனாத்தான் மத்த எட்டும் கை தூக்கும். இல்லன்னா திருவிழாவுல தொலைஞ்ச ஆடுங்க மாதிரி ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் பாத்துகினு நிக்குதுங்க.

என் வூட்டுக் கதைய கேளுங்க. பூஜா பேசறதில்ல. அவங்கப்பாகிட்ட பேசறா, பூனைகிட்ட பேசறா, என்கிட்டதான் இல்ல. ‘நதியா வராம நான் ஆட மாட்டேன்’, அதுதான் கடேசியா சொன்னது. அதுக்கப்புறம் எல்லாம் எழுத்துலதான். நேத்து சாப்பிட்ட தட்டுக்குப் பக்கத்துல ஒரு துண்டுச் சீட்டு வெச்சிட்டுப் போறா. பிரிச்சிப் பாத்தா, ‘ரசத்தில் உப்பு இல்லை.’ அவ்ளோதான். பெத்தவளுக்கு வந்த கடுதாசி! அதுவும் போஸ்ட்மாஸ்டர் வூட்டுல!

நீங்க சிரிக்கலாம். ...சிரிக்கலியா? சரி.

நான் கான்வென்ட்டுல படிச்சவ மங்கம்மா. சுத்தம்னா எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம். திங்கக்கெழம தோறும் சிஸ்டரு வரிசையா நிக்க வெச்சி, மர ஸ்கேலால முடிய பிரிச்சி பிரிச்சி பாப்பாங்க. பேன் இருந்தா வராந்தாவுல நிக்கணும், மொத்தப் பள்ளிக்கூடமும் வேடிக்கை பாக்கும். நான் ஒரு தடவை கூட நின்னதில்ல. ...ஒரே ஒரு தடவை. ஏழாங்கிளாஸ்ல. அன்னிக்கிம் பக்கத்து பெஞ்சி பொண்ணு கிட்ட இருந்துதான் வந்துச்சின்னு சொன்னேன். அவளையும் கொணாந்து என் பக்கத்துலயே நிக்க வெச்சாங்க. பாவம், அவ தலை சுத்தமா இருந்துச்சி. அத வுடுங்க, அத ஏன் இப்ப சொல்றேன்?

பூஜா தலையில மொத மொத ஒண்ண பாத்தப்ப எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சி. எள்ளு சைஸுல ஒண்ணு, வகிட்டுல நடந்து போவுது, ரோடு போட்டு வெச்ச மாதிரி. வேப்பெண்ணெ தேச்சேன். மருந்துக் கடையில விக்கிற ஷாம்பு தேச்சேன். சீத்தாப்பழக் கொட்டைய அரைச்சிப் பூசலாம்னு அம்மியில வெச்சேன், நல்ல வேளை, தபால் ஆபீஸ் போன்ல கேட்டப்ப நர்சம்மா திட்டினாங்க. ‘கண்ணுல பட்டா பார்வை போய்டும், தூக்கி எறிங்க’ன்னு. எறிஞ்சிட்டேன். வூட்டுக்காரருக்கு இதுல ஒரு கவலையும் இல்ல. தலையில நாலு முடி. பேனு ஏறினாலும் நெழலு இல்லன்னு எறங்கிப் போய்டும். மனுஷன் பேப்பர் படிச்சிகினே சொல்றார், ‘ராஜேஸ்வரி, நீயும் தலைய ரொம்ப சொறியிற’ன்னு. நான் இன்னா சொன்னேன்? ‘மலைத் தண்ணி ஒத்துக்கல, பொடுகு’ன்னேன். ரெண்டு வருஷமா ஒத்துக்கின தண்ணி போன மாசந்தான் ஒத்துக்காம போச்சின்னு எனக்கே தோணல பாருங்க.

நேத்து நடந்தது தெரியுமா ஒங்களுக்கு? தெரியாதா? அட, நீங்கதான் ஆறு நாளா பள்ளிக்கூடம் பக்கமே வரலியே. அப்ப என் வாயாலயே கேட்டுக்குங்க. எப்டியும் சாய்ந்தர பஸ்ஸுல சேதி வந்துடும், அதுக்கு முன்னாடி நான் வந்துட்டேன்.

நர்சம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாங்க. புள்ளைங்களுக்கு மட்டும் பாத்தா போதாது, அம்மாங்களும் வரணும்னு சொல்லிட்டாங்க. போனோம். ஒருத்தியும் முன்னாடி வரல. வெக்கம். நானு சும்மா இருந்தேனா? எனக்குத்தான் வாய் இருக்குதே! ‘மொதல்ல என் தலைய பாருங்க நர்சம்மா, தலைய எப்டி வெச்சிக்கணும்னு எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும்’னு நாற்காலிய இழுத்துப் போட்டு ஒக்காந்தேன் மங்கம்மா. நடுவுல. ஃபேனுக்குக் கீழ.

மடியில வெள்ளைத் தாளு விரிச்சாங்க. பேன் சீப்பால ஒரு தடவை, ஒரே ஒரு தடவைதான் இழுத்தாங்க.

பொலபொலன்னு.

அத்தினி அம்மாங்களும் ஒரு அடி பின்னாடி நவுந்துட்டாங்க. தாளுல ஊர்ற சத்தம் கூட கேட்ட மாதிரி இருந்துச்சி எனக்கு. நர்சம்மா பாவம், நல்ல மனுஷி, மெதுவாத்தான் கேட்டாங்க, ‘பின்னல அவுக்கலாமா?’ன்னு. நான் வேணாம்னேன். அவங்க அதுக்குள்ள அவுத்துட்டாங்க.

அங்கதான் மானமே போச்சி. என் பின்னல்ல... இப்ப ஊருக்கே தெரிஞ்சிப்போச்சி, ஒங்ககிட்ட மறைச்சி இன்னா? மேல ஒரு சாண் என்னுது. மீதி சவுரி. அஞ்சு வருஷமா சவுரிதான் வெச்சிப் பின்னிக்கறேன். ‘போஸ்ட்மாஸ்டரம்மாவுக்கு இன்னா நீளம் முடி’ன்னு இங்க எல்லாரும் சொல்லுவீங்க இல்ல? நானும் தலைய ஆட்டிக்கினு கேட்டுக்கினு இருந்தேன்.

கேளுங்க, இன்னும் இருக்குது. பூங்கோதை டீச்சர் அந்த சவுரிய கையில தூக்கிப் புடிச்சி, ‘ஏங்க, இது டான்ஸுக்குப் போட்டுப் பாத்த சவுரிதானே?’ன்னாங்க.

ஆமா. அதுதான்.

ஒத்திகைக்கு ஒம்போது புள்ளைங்களுக்கும் நாந்தானே தலை பின்னினேன். யாரும் கேக்கல, நானா போய் நின்னேன். ‘இந்தப் புள்ளைங்களுக்கு நீட்டா ஒரு பின்னல் போடத் தெரியுமா?’ன்னு. நீளமா பின்னல் இருந்தா எப்டி இருக்கும்னு ஒவ்வொரு நாளும் மறைவா போய் என் சவுரிய அவுத்து, தலைக்கு முக்காடு போட்டுகினு வந்து ஒரு புள்ளைக்குக் கட்டுவேன். ஆடி முடிச்சதும் ஒரு ஒதறு ஒதறி, யாரும் பாக்காம திரும்ப என் தலையில வெச்சிப் பின்னிகினு வூட்டுக்குப் போவேன். ஒரே சீப்பு. கொட்டாங்குச்சியில ஒரே எண்ணெ. தை மாசம் கலசப்பாக்கத்துல எங்க அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்குப் போனப்ப, மண்டபத்துல இருவது பொம்பளைங்க ஒரே பாயில தலைய தலைய இடிச்சிகினு படுத்துக் கெடந்தோம். அங்க புடிச்சிகினு வந்திருக்கேன். வந்து ஒம்போது தலைக்கு பந்தி வெச்சிருக்கேன்.

ஒங்க நதியாவுக்கு சவுரி கட்டினது எப்பன்னு தெரியுமா? எல்லாருக்கும் கடேசியா, ஒம்போதாவது நாளு. அவளுக்கே இடுப்பு வரைக்கும் முடி இருக்குது, அவளுக்கு எதுக்கு சவுரி? எனக்கு ஒரு ஆசை, முழங்கால் வரைக்கும் தொங்கட்டும்னு. அதுக்குள்ள மத்த எட்டும் சொறிய ஆரம்பிச்சாச்சி. யாரு எப்ப சொறிய ஆரம்பிச்சதுன்னு பூங்கோதை டீச்சர் தேதி போட்டு நோட்டுல எழுதி வெச்சிருக்காங்க, இந்த டீச்சருங்களுக்கு வேற வேலை இல்ல. ஞாயித்துக்கெழம தோறும் நீங்க வெயில்ல ஒக்கார வெச்சி அவ தலைய பாப்பீங்களாமே. பூஜா சொன்னா. அதாவது, எழுதிக் காட்டினா.

அதனால... அதனாலதான்... இருங்க, மடியில வுழுந்த புளியங்கொட்டைய தட்டிக்கறேன்.

இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்குது மங்கம்மா. கான்வென்ட்டுல தும்முனா கூட அத சொல்லணும். நாள் ஒண்ணுக்கு அம்பது தடவை சொல்லுவோம், ஒண்ணும் ஆவாது, நாக்குல சக்கரை கரையிற மாதிரி போய்டும். தமிழ்ல சொல்ல வந்தாத்தான் குறுக்க முள்ளு மாட்டிக்குது. மேடு ஏறி வரச்ச ரெண்டு தடவை சொல்லிப் பாத்தேன். ஆடு மேஞ்சிகினு இருந்துச்சி, அது திரும்பிப் பாத்துச்சி.

முடிய நான் திருப்பிக் குடுக்க முடியாது. அது வளரணும். ஆனா டான்ஸுக்கு வழி பண்ணிட்டேன், கேளுங்க. நேத்தே டீச்சர்கிட்ட பேசிட்டேன். அறுப்புன்னா ஊருக்குப் பெரியவரா ஊர்க்கவுண்டரு ஒருத்தர் முன்னாடி நிக்க மாட்டாரா? தலப்பாகை கட்டிகினு, கையில அருவாளோட? நதியா கவுண்டரா நிக்கட்டும். சிவப்புத் துண்டு, செங்கத்துல இருந்து வாங்கி வர சொல்லியாச்சி. அவ கை தூக்கட்டும், மத்த எட்டும் தூக்கும். கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னவ நான், அதே கூட்டத்துல எழுந்து நின்னு மாத்திச் சொல்றேன். மைக் வெச்சி சொல்ல சொன்னாலும் சொல்றேன். புள்ளைய மட்டும் நாளைக்கி அனுப்புங்க.

இப்ப பதில் சொல்ல வேணாம். யோசிச்சி சொல்லுங்க. அவங்கப்பா தசரதன் காட்டுல இருந்து வரட்டும், கலந்துகினு சொல்லுங்க.

இன்னொண்ணு. கேக்கலாமான்னு தெரியல.

இந்தத் தலை. ஷாம்பு போட்டாச்சி, ஆனா ஈரு போவல. கையால பாத்து உருவினாத்தான் போவும்னு நர்சம்மா சொல்லிட்டாங்க. நம்ம தலைய நாமளே பாத்துக்க முடியுதா? வூட்டுக்காரர்கிட்ட கேட்டா கண்ணாடி போட்டுகினு தூரத்துல நின்னு பாக்கறார். பூஜா கிட்டயே வர மாட்றா. கலசப்பாக்கத்துலன்னா மத்தியானமானா பொம்பளைங்க வரிசையா ஒக்காந்துடுவோம், ஒருத்தி தலை ஒருத்தி மடியில. பேனு இருந்தாலும் பாப்போம், இல்லன்னாலும் பாப்போம். இங்க வந்து ரெண்டு வருஷமாச்சி. என் தலைய யாரும் தொட்டதில்ல. யாரையும் நான் கிட்ட சேத்ததும் இல்ல, அது வேற.

தோ, சவுரி இல்ல, பாத்துக்குங்க. அவுத்துட்டேன். இவ்ளோதான் நான். திரும்பி ஒக்காந்துக்கறேன், ஒங்களுக்கு வெளிச்சம் வேணுமில்ல. சீப்பு நானே கொணாந்துட்டேன், புதுசு, பிரிக்கவே இல்ல.

வலது காதுக்குப் பின்னாடிதான் ஜாஸ்தி.

இன்னா, புளி தட்டுற சத்தம் நின்னு, கதவு தாப்பா போட்ட சத்தம் கேட்டுச்சி? நதியாவா?

வெக்கப்படாதீங்க, வலிச்சாலும் கத்த மாட்டேன். நல்லா இழுத்தே பாருங்க. கைய பின்னாடி நீட்டிகினே இருக்கேன்... வாங்கிக்குங்க. மங்கம்மா? கை கடுக்குது, சீப்ப வாங்கிக்குங்களேன்.