மிக்சர்மேல் ஒரு தொப்பி

எனக்குச் சத்தம் பிடிக்காது. வீட்டில் தொலைக்காட்சியைக்கூட அடுத்த அறைக்குக் கேட்காத அளவில்தான் வைப்பேன். மாடிவீட்டுக் கிழவர் மரச்செருப்போடு நடந்தால், ஏறிப் போய்ப் பணிவாகச் சொல்லிவிட்டு வருவேன். இதைச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். ரோட்டர்டாமில் கபர் ஆட்டம் நடக்கிற கூடங்களுக்கெல்லாம் நான்கு வருஷமாக ஸ்பீக்கர் கட்டுகிறவன் நான்.

நீங்கள் சிரிக்கவில்லை மேடம். நல்லது. பெயர் ரூலோஃப். டேப் ஓடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

எங்கள் கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மொட்டைத் தலை, மினுமினுக்கும் டிராக் சூட், காற்றடைத்த ஷூ, எல்லாருக்கும் ஒரே சந்தைக்கடைக் கறுப்புத் தொப்பி. காலைக் கோடாலி மாதிரி வெட்டி வெட்டி ஆடுவார்கள். பயப்படத் தேவையில்லை. கபர் என்றாலே சேக்காளி என்றுதான் அர்த்தம். அவ்வளவு பேர் ஆடும்போது எவன் காலிலாவது மிதித்துவிட்டால் மன்னிப்புக் கேட்காமல் நகர மாட்டான்.

எங்கள் பாட்டில் பாட்டு கிடையாது. அடிதான். நிமிஷத்துக்கு நூற்றுத் தொண்ணூறு அடி. டிரம் மெஷினிலிருந்து வருகிற அடி எல்லாருக்கும் பொது. அதை எதில் போட்டுப் பிழிகிறாய், எப்படிக் கரகரக்க வைக்கிறாய் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். காது பழகிய பையன் கண்ணை மூடிக்கொண்டு நாலு அடி கேட்டால், இன்னார் அடி என்று சொல்லிவிடுவான். முகத்தைப் பார்த்துச் சொல்கிற மாதிரி.

எனக்கும் ஒரு முகம் இருந்தது. தொண்ணூற்று மூன்றில் ஒலிகளைக் கலக்கிற என் பழைய மிக்சரின் மூன்றாவது சேனலில் ஒரு தம்ளர் சாக்லேட் பால் கொட்டிவிட்டது. காய்ந்த பிறகு அந்தச் சேனல் வழியாக அடியை விட்டுப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் கட்டிப்போட்ட மிருகம் கதவை முட்டுகிற மாதிரி ஒரு ஓசை. அதை டேப்பில் பிடித்துக்கொண்டேன். மிக்சர் அதன் பிறகு எதற்கும் உதவாததால், வேண்டாத சாமான் வைக்கிற செவ்வாய்க்கிழமையில் தெருவோரம் வைத்துவிட்டேன். டேப்பை யாருக்கும் கொடுக்கவில்லை. நேரம் வரட்டும் என்று வைத்திருந்தேன். இரண்டு வருஷம்.

இந்த மார்ச்சில், சனிக்கிழமை மதியம், மார்லூஸ் வேலை செய்கிற இசைத்தட்டுக் கடைக்குப் போனேன். மார்லூஸ் என் நண்பன் கோர்னேயின் தங்கை. கடையில் இல்லாத நேரம், ரசிகர்கள் நடத்துகிற ஒரு சின்னப் பத்திரிகைக்குப் படம் எடுப்பாள். கவுண்டரில் இரண்டு மொட்டைத் தலைகள் தட்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தன. கேட்டுப் பார்க்கிற ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புதிதாக வந்த ஒரு தட்டில் ஊசியை வைத்தேன்.

என் அடி.

கதவு, மிருகம், எல்லாம். லேபிள் வெறும் வெள்ளை. பெயர் இல்லை.

"இது யாருது?" என்று கேட்டேன்.

"வெள்ளை," என்றாள் மார்லூஸ்.

"அது தெரியுது. யாரு போட்டது?"

"ஆடுறவனுக்கு எதுக்குடா பேரு? பிடிச்சிருந்தா வாங்கு, இல்லன்னா ஹெட்போனக் கழட்டு. பின்னால வரிசை நிக்குது." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறவள் மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து கோர்னேயைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவனும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிகிறவர்கள். ஸ்பீக்கர் தூக்குவதும் இருவரும்தான். கவனித்தால் எவ்வளவோ தெரிகிறது. அவன் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் புதுப் பூட்டு. அவன் வேனில் போர்வை போட்டு மூடிய சதுரமான ஏதோ ஒன்று. நான் உள்ளே போனதும் அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்துவது. ஒருநாள் தெருக்கடையில் ஃப்ரிகண்டல் என்கிற பொரித்த இறைச்சிக் குழலை வாங்கித் தின்றுகொண்டிருந்தோம். கடைசித் துண்டை அவன் என் பக்கம் தள்ளினான். பிறந்ததிலிருந்து எவனுக்கும் கடைசித் துண்டைக் கொடுத்தவனில்லை கோர்னே.

அங்கேயே கேட்டுப் பார்த்தேன். "புது வெள்ளை ஒண்ணு வந்திருக்கே, கேட்டியா?"

"கேட்டேன், கேட்டேன். நல்லா இருக்குல்ல?"

"அடி யாருது?"

"ஏண்டா, உனக்கா தெரியல? நீதானே இந்த ஊருக்கே காது டாக்டர். கண்டுபிடி பாப்போம்." வாயோரத்தில் வேர்க்கடலைச் சாஸ் ஒட்டியிருக்க, என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

காது டாக்டர் என்று என்னைக் கேலி செய்வார்கள். கூடத்துக்குள் வருகிற பயல்களை நிறுத்தி, காதடைப்பான் வைத்திருக்கிறாயா என்று கேட்கிற ஆள் நான் ஒருத்தன்தான். என் சட்டைப்பையில் எப்போதும் பத்து ஜோடி இருக்கும். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு மனிதனை எடைபோடும்போது எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

இனி ஜூன் பதினொன்று. துறைமுகத்தில் பழைய காய்கறிக் கிடங்கு. ஆட்டத்துக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது. ஸ்பீக்கர்களை அடுக்கி முடித்து, குறைந்த சத்தத்தில் சோதித்துக்கொண்டிருந்தோம். நான் மிக்சரில், கோர்னே முன்னால், மார்லூஸ் காமிராவோடு எங்கேயோ. இடது அடுக்கில் தலை உயரத்தில் இருக்கிற, கூரிய சத்தத்தை வெளியே விடுகிற ஊதுகுழாயிலிருந்து ஒரு சலசலப்பு வந்தது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அடுக்குக்குள் தலையை விட்டு வேலை பார்க்கிறவன், முதலில் தன் தொப்பியைக் கழற்றி மிக்சர்மேல் வைப்பான். மொத்தச் சத்தத்தையும் ஏற்றி இறக்குகிற கட்டையை மூடுகிற மாதிரி வைக்க வேண்டும். தொப்பி அங்கே இருக்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தவன்தான் வந்து எடுக்க வேண்டும். எங்கும் எழுதி ஒட்டியதில்லை. ஆனால் குடித்துவிட்டு வருகிறவன்கூட இதை மீறிப் பார்த்ததில்லை.

கோர்னே வந்து தொப்பியை வைத்தான். "டாக்டரே, தூங்கிடாத," என்றான். போனான். உள்ளே தலையை விட்டான். "ஒண்ணும் கேக்கலடா," என்று அங்கிருந்து கத்தினான்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். காதடைப்பானை எடுத்தால்தான் கேட்கும் என்று சொன்னது நான்தான். அது உண்மையும்கூட. அந்த மாதிரி மெல்லிய சலசலப்பு அடைப்பானோடு கேட்காது. அவன் இரண்டையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பிறகு நான் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கட்டையை மேலே தள்ளினேன். டேப்பில் இருந்தது என் அடி. முதன்முறையாக அதை ஒரு கூடத்தில் முழுச் சத்தத்தில் கேட்டேன். பதினாறு அடி. ஐந்து வினாடிக்குக் கொஞ்சம் கூட. நான்கு அடியில் நிறுத்தியிருந்தால் அவன் காது தப்பியிருக்கும் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். அவர்களுக்கு எங்கள் இசை தெரியாது. எங்களுடைய சுற்று பதினாறு. நடுவில் வெட்டினால் அசிங்கமாக இருக்கும்.

முதல் வாக்குமூலத்தில், தொப்பி என்னுடையது என்று நினைத்து எடுத்தேன் என்று சொல்லியிருந்தேன். எல்லாத் தொப்பியும் ஒரே கடை, ஒரே கறுப்பு. உங்கள் ஆட்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். கோர்னேயும் ஏற்றுக்கொண்டான். ஆஸ்பத்திரியில் இரண்டு காதிலும் பஞ்சோடு படுத்திருந்தான். தன் குரலே தனக்குக் கேட்காததால் வார்டு முழுக்க அதிரப் பேசினான்.

"மூஞ்சியத் தொங்கப்போடாதடா. ஒரே கடைத் தொப்பி. உன் எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்."

நர்ஸ் வந்து அவன் வாயைப் பொத்தினாள். அவன் அவள் கைக்குள்ளேயே சிரித்தான்.

அதன் பிறகு நான் அவனைக் கைவிடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று நாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவனுக்கு இனி எந்தச் சத்தமும் வராது என்று ஆன பிறகு, அவன் தட்டுகளுக்கு அடி வைத்துக் கொடுத்தது நான்தான். அவன் ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "எப்படிடா இருக்கு?" என்று கேட்பான். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவேன். நம்புவான். இப்போது வருகிற தட்டுகளில் என் பெயரும் இருக்கிறது. கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

மார்லூஸ் அன்றைக்கு எடுத்த படச்சுருளைக் கழுவக் கொடுக்காமலே இருந்திருக்கலாம். அண்ணன் கடைசியாகச் சத்தம் கேட்ட நாள் அதில் இருக்கிறது என்று காமிராவை மூன்று மாதம் தொடாமல் வைத்திருந்தாளாம். போன வாரம்தான் கொடுத்திருக்கிறாள். நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கிற படம் அதுதான். மிக்சர் முன்னால் நான், முதுகுப் பக்கமிருந்து. தலையில் ஒரு தொப்பி. பின்பாக்கெட்டில் செருகியபடி இன்னொரு தொப்பி.

பாக்கெட்டில் இருப்பதை ஒருவன் மறந்துபோகலாம். அப்படித்தான் சொல்வதாக இருந்தேன். ஆனால் தலையில் வைத்தபோது அது சூடாக இருந்தது. அவன் தலைச் சூடு. அதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

சலசலப்பும் தானாக வந்ததில்லை. காலையில் ஊதுகுழாயின் பின்பக்கத் திருகாணி ஒன்றைத் தளர்த்தி வைத்திருந்தேன். அரைச் சுற்றுதான்.

கோர்னேயின் கொட்டகையைத் திறந்து பார்த்ததில் உங்களுக்கு என் பழைய மிக்சர் கிடைத்திருக்கிறது. மூன்றாவது சேனலில் சாக்லேட் பால் கறையோடு. தெருவோரம் வைத்தேன் என்று சொன்னேனே, அது சரிதான். அப்போது கோர்னே வேனில் வந்தான். "டேய், இத நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான். "தாராளமா எடு, ஓட்டைச் சாமான்," என்றேன். மறுபக்கம் பிடித்து வேனில் ஏற்றிவிட்டதும் நான்தான். அவன் என் டேப்பைத் திருடவில்லை. அதே மிக்சர், அதே சேனல். எவன் அடியை விட்டாலும் அதே மிருகம்தான் வந்திருக்கும். ஆனால் நான் கொடுத்தது மிக்சரை. அடியை இல்லை. இந்த வித்தியாசம் உங்களுக்குப் புரிகிறதா?

மூன்று மாதம் சந்தேகத்தில் வெந்து, கடைசியில் அவசரப்பட்டுவிட்டான் என்று நீங்கள் எழுதப் போகிறீர்கள். என் வக்கீலும் அதையே சொல்லச் சொன்னார். சந்தேகம் என்றால் நீதிபதிக்குக் கொஞ்சம் இரக்கம் வரும் என்றார்.

ஆனால் நீங்கள் இப்போது அந்த வெள்ளைத் தட்டைப் பையிலிருந்து எடுத்து, விளக்கின் கீழே சாய்த்துக் காட்டுகிறீர்கள். மார்லூஸ் சொல்லிக் கொடுத்திருப்பாள். லேபிளில் பெயர் போடாதவன், லேபிளைச் சுற்றிப் பாட்டில்லாமல் வழவழப்பாக இருக்கிற அந்தக் கறுப்பு வளையத்தில் ஊசியால் கீறி வைப்பான். வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரியும். கடையில் எந்தக் கபரும் கையில் எடுத்ததும் முதலில் செய்கிற காரியம் அது. ஊசியை வைப்பதெல்லாம் அப்புறம்தான். கோர்னேயின் கையெழுத்தைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். கோணல்மாணலாக இருக்கும்.

அன்றைக்கு நீ இதைச் சாய்த்துப் பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். பார்க்காமல் எப்படி இருப்பேன்? மார்ச் மாத வெயில் ஜன்னலில் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. மார்லூஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றதும், அவன் கடைசித் துண்டைத் தள்ளியதும், கண்ணடித்ததும் எதற்கென்று எனக்கு முதல் நாளே தெரியும். நான் எப்போது வாய்விட்டு ஏதாவது சொல்வேன் என்று அண்ணனும் தங்கையும் ஆசையாகக் காத்திருந்தார்கள். நன்றாகத் தெளிவாகவே கீறியிருக்கிறான், நீங்களும் படிக்கலாம்: 'ரூலோஃபின் ஓட்டை மிக்சருக்கு நன்றி.'

மிக்சருக்கு, மேடம். எனக்கு இல்லை.