சைட் ஆபீஸ் மீன்தொட்டி

செங்கல்பட்டு ரயில் தாம்பரத்தை விட்டுக் கிளம்பியதும், எதிர் சீட்டு வெள்ளைச் சட்டைக்காரர் பக்கத்திலிருந்த வண்ணமீன் கடைக்காரரிடம் புலம்பினார்.

"ஞாயித்துக்கிழமை சைட் பாக்க பார்ட்டி வர்றதுக்குள்ள ஆபீஸ் மீன்தொட்டில கறை போகலன்னா, ரெண்டு மனை கைவுட்டுப் போயிடும்ணா."

"இன்னா கறை? பாசியா?"

"இல்லண்ணா. கண்ணாடில சுண்ணாம்பு அடிச்சாப்ல கீது. ஸ்டீல் நார் போட்டுத் தேச்சேன், கண்ணாடில கீறல்தான் வுழுந்துச்சு."

"யோவ், நாரெல்லாமா போடுவ? அது உப்பு. மீன வேற தொட்டிக்கு மாத்திட்டு, துணிய வினிகர்ல நனைச்சு அரை மணி நேரம் ஒட்டி வை. அப்புறம் பழைய ஏடிஎம் கார்டால சுரண்டி நல்லா கழுவு. ஆமா, எந்தத் தண்ணிய ஊத்துற?"

"நம்ம கூடுவாஞ்சேரி சைட் போர் தண்ணிதான். 'தேன் போன்ற நிலத்தடி நீர்'னு போர்டு வச்சிருக்கேன். பார்ட்டி நம்பணும்ல? அதான் போர்டுக்குக் கீழயே மீன் வளக்கறேன்."

"நீ இன்னா குடிக்கிற?"

"கேன் தண்ணி."

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அதே போர் தண்ணிய ஊத்துனா, பத்து நாள்ல கறை திரும்ப வந்துடும்யா!"

"பத்து நாள் போதும்ணா. புதன்கிழமை பத்திரம் முடிஞ்சிடும்."